குறையே நிறையானது எப்படி? கித்தார் பெருக்கிகளின் அறிவியல்

சுங்கை பினாங் ஆறு கடலில் கலக்கும் பகுதியிலிருந்து துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை வழியாகத் தெற்கே சென்றால், சிறிது நேரத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்துவிடும். நாட்டின் முதல் தடையற்ற வணிக மண்டலம் 1972-ஆம் ஆண்டு அங்கேதான் தொடங்கப்பட்டது. இண்டெல், ஹியூலெட்-பேக்கர்ட், போஷ், ஹிட்டாச்சி எனப் பல நிறுவனங்கள் அங்கே தொழிற்சாலை அமைத்தன. இன்று அந்த வட்டாரத்தில் பொதியிடப்பட்டுச் சோதிக்கப்படும் சில்லுகளில், விரல் நகத்தின் அளவே உள்ள ஒரே சில்லுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கலாம்.

டிரான்சிஸ்டர் வந்ததும் அதற்கு முன்பிருந்த கருவி ஒன்று வீடுகளிலிருந்து மறைந்தது. அதுதான் வால்வு. வெற்றிடக் குழாய் என்பது அதன் பாடநூல் பெயர். தாத்தா காலத்து வானொலிப் பெட்டிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்த கண்ணாடிக் குழாய் அது. சூடாகும், உடையும், மின்சாரத்தை வீணாக்கும், நாளாக நாளாகத் தேயும். டிரான்சிஸ்டரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பின்தங்கியது.

ஆனாலும் ஒரு துறை அதைக் கைவிடவில்லை. மின் கித்தார் வாசிப்பவர்கள் இன்றும் வால்வு வைத்த ஒலிப் பெருக்கிகளைத் தேடி வாங்குகிறார்கள். இரண்டு மூன்று பேர் மட்டுமே வேலை செய்யும் சிறு பட்டறைகளில் அவை கையாலேயே செய்யப்படுகின்றன. சில பெட்டிகளின் விலை ஒரு வீட்டின் விலைக்கு நிகராக இருக்கிறது. இதற்குக் காரணம் பழைய பொருள் மீதுள்ள பாசம் மட்டும்தானா, அல்லது இதில் அறிவியலும் இருக்கிறதா?

கம்பியிலிருந்து மின்சாரம்

மின் கித்தாரின் கம்பிகளுக்கு அடியில் ‘பிக்கப்’ எனப்படும் சிறிய உறுப்பு இருக்கிறது. அதில் ஒரு காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றப்பட்ட சுருளும் உண்டு. சுருளில் பல ஆயிரம் சுற்றுகள் இருக்கும். எஃகுக் கம்பி அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். படிவம் 5 இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல் இதுவே. நைலான் கம்பி மாட்டினால் இந்தப் பிக்கப் வேலை செய்யாது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிக் கிடைக்கும் மின்னழுத்தம் மிகக் குறைவு. சுமார் பத்தில் ஒரு வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரை அசைக்க இது போதாது. சிறிய மின் அலையைப் பெரிய மின் அலையாக மாற்ற ஒரு கருவி தேவை. அதுதான் பெருக்கி. கித்தார் கலைஞர்கள் அதைச் சுருக்கமாக ‘ஆம்ப்’ என்பார்கள்.

ஒளிரும் கண்ணாடிக் குழாய்

ஓர் உலோகத்தை நன்றாகச் சூடாக்கினால் அதன் பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். இதை வெப்ப அயனி உமிழ்வு என்கிறோம். மலாய்ப் பாடநூலில் ‘பஞ்சாரான் தெர்மியோன்’ என்று படித்திருப்பீர்கள். இதைப் பயன்படுத்தி 1904-இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இரண்டு மின்முனைகள் கொண்ட வால்வை உருவாக்கினார். 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது மின்முனையைச் சேர்த்தார்.

அந்த மூன்றாவது முனைதான் கிரிட் எனப்படும் வலைக்கம்பி. சூடான எதிர்மின்முனையிலிருந்து நேர்மின்முனைக்கு எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. நடுவில் இருக்கும் கிரிட்டில் சிறிதளவு எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் அந்த ஓட்டம் குறையும். அதைத் தளர்த்தினால் கூடும். தண்ணீர்க் குழாயின் திருகை லேசாகத் திருப்பினாலே பெரிய நீரோட்டம் மாறுவதைப் போன்றது இது. கித்தாரிலிருந்து வரும் சிறிய அலை கிரிட்டை ஆட்டுகிறது. அதே வடிவத்தில் பெரிய அலை நேர்மின்முனையில் கிடைக்கிறது.

கித்தார் பெருக்கிகளில் மிகவும் பழக்கமான வால்வு ‘12ஏஎக்ஸ்7’. ஐரோப்பாவில் அதன் பெயர் ‘இசிசி83’. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு வால்வுகள் இருக்கும். அதன் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் தேவை. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 1.9 வாட். ஒலியைப் பெருக்கத் தொடங்கும் முன்பே, சூடாவதற்கு மட்டும் இவ்வளவு மின்சாரம் செலவாகிறது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டருக்கு இந்தச் செலவே இல்லை. வால்வு வீடுகளிலிருந்து மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தலை வெட்டப்பட்ட அலை

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு வால்வுக் கட்டம் அலையை 50 மடங்கு பெருக்குகிறது என்று கொள்வோம். 0.1 வோல்ட் உள்ளே போனால் 5 வோல்ட் வெளியே வரும். அதை அப்படியே இரண்டாவது கட்டத்துக்குள் செலுத்தினால் 250 வோல்ட் வரவேண்டும். அலை மேலே 250 வோல்ட்டும் கீழே 250 வோல்ட்டும் போய்வர மொத்தம் 500 வோல்ட் இடம் வேண்டும். ஆனால் அந்த வால்வுக்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தமே சுமார் 300 வோல்ட்தான். இல்லாத இடத்துக்கு அலை போக முடியாது. அதன் உச்சியும் அடியும் தட்டையாகிவிடும். அலையின் வடிவம் இப்படி மாறுவதைத் திரிபு என்கிறோம்.

வானொலிப் பொறியாளருக்குத் திரிபு ஒரு பழுது. செய்தி வாசிப்பவரின் குரல் கரகரத்தால் யார் கேட்பார்கள்? ஆனால் 1950களில் பெருக்கியின் ஒலியை முழுவதும் கூட்டி வாசித்த கித்தார் கலைஞர்களுக்கு அந்தக் கரகரப்பு பிடித்துப்போனது. ஒலி தடித்தது. நீட்டி வாசித்த சுரம் விரைவில் மங்காமல் நின்றது. கருவியின் பழுது இசையின் ஒரு பகுதியாயிற்று.

ஏன் பிடித்தது? 110 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஓர் அலையின் வடிவம் கெட்டால் 220, 330, 440 ஹெர்ட்ஸ் போன்ற மேற்சுரங்களும் அதனுடன் சேர்கின்றன. 220 ஹெர்ட்ஸ் என்பது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. 110-ஐ ஷட்ஜமமாகக் கொண்டால் 330 ஹெர்ட்ஸ் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். அதாவது இங்கே பிறக்கும் புதிய ஒலிகள் மூலச் சுரத்துக்கு உறவினர்கள்.

இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் திரிபுள்ள பெருக்கிக்குள் நுழைந்தால், அவற்றின் வேறுபாடான 55 ஹெர்ட்ஸும் கூட்டுத்தொகையான 275 ஹெர்ட்ஸும் புதிதாகத் தோன்றும். 55 என்பது 110-இன் கீழ் ஸ்தாயி. யாருமே வாசிக்காத அடிச்சுரம் அங்கே கேட்கிறது. ராக் இசையில் ஷட்ஜமம், பஞ்சமம் இரண்டையும் மட்டும் சேர்த்து வாசிக்கும் பழக்கம் ஏன் வந்தது என்பது இப்போது புரியும். வேறு சுரங்களை அடுக்கினால் பொருந்தாத அதிர்வெண்கள் பிறந்து ஒலி கலங்கிவிடும்.

டிரான்சிஸ்டரிலும் அலையின் தலையை வெட்டலாம். வெட்டும் முறைதான் வேறு. எளிய டிரான்சிஸ்டர் சுற்று எல்லை வரை அலையைச் சரியாகக் கொண்டுபோய், எல்லையில் சட்டென்று வெட்டிவிடும். வால்வுச் சுற்று எல்லையை நெருங்க நெருங்க அலையை மெல்ல வளைக்கும். சுவரில் மோதி நிற்கும் ஊஞ்சலையும், ரப்பர்க் கயிறு இழுத்து நிறுத்தும் ஊஞ்சலையும் நினைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று வெட்டினால் உயர்ந்த மேற்சுரங்கள் அதிகமாகி, காதைக் குத்தும். மென்மையாக வாசித்தால் தெளிவாகவும், அழுத்தி வாசித்தால் கரகரப்பாகவும் ஒலிப்பதால், வால்வுப் பெருக்கியில் கலைஞரின் விரலே திரிபின் அளவைத் தீர்மானிக்கிறது.

வால்வு இரட்டைப்படை மேற்சுரங்களை மட்டுமே தரும், டிரான்சிஸ்டர் ஒற்றைப்படை மேற்சுரங்களை மட்டுமே தரும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சமமாக வெட்டப்பட்டால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் சேரும். சமமில்லாமல் வெட்டப்பட்டால் இரட்டைப்படையும் சேரும். இது சுற்றின் அமைப்பைப் பொறுத்தது. வால்விலும் இரண்டு வகையையும் செய்ய முடியும்.

டிரம்ஸ் கடையில் பிறந்த பெருக்கி

லியோ ஃபெண்டர் 1938-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார். அங்கிருந்துதான் ஃபெண்டர் கித்தார்களும் பெருக்கிகளும் பின்னர் பிறந்தன. 1950களில் வந்த அவருடைய ‘பாஸ்மேன்’ பெருக்கி கலைஞர்களிடையே புகழ்பெற்றது.

லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் கலைஞர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்கப் பெருக்கியை இறக்குமதி செய்தால் விலை மிகவும் அதிகம். ‘நாமே செய்து பார்ப்போம்’ என்று 1962-இல் முடிவெடுத்தார்கள். கடையில் பழுதுபார்த்த கென் பிரான், 18 வயதுப் பயிற்சித் தொழிலாளியான டட்லி கிரேவன் ஆகியோர் பாஸ்மேனின் சுற்றைப் பின்பற்றிப் பெருக்கி ஒன்றைக் கட்டினர்.

சுற்று ஏறக்குறைய அதேதான், உறுப்புகள் வேறு. பாஸ்மேனின் முதல் கட்டத்தில் பெருக்க எண் 44 உள்ள வால்வு இருந்தது. இவர்கள் பெருக்க எண் 100 உள்ள இசிசி83-ஐ வைத்தனர். அதனால் அலை விரைவிலேயே திரிந்தது. ஸ்பீக்கர்களும் அவற்றின் பெட்டியும் மாறின. இப்படிக் கிடைத்த ஒலி ஃபெண்டரைப் போல இல்லை. அது ராக் இசைக்குப் புதிய குரலாயிற்று. சிறு கடையில் தொடங்கிய மார்ஷல் பிறகு உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது.

நம் பக்கத்துக்கும் இந்த அலை வந்தது. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷேடோஸ்’ குழுவினரும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தினர். அதன்பின் மலாயாவெங்கும் இளைஞர்கள் கித்தார்க் குழுக்களைத் தொடங்கினர். அவற்றுக்குக் ‘குகிரான்’ என்று பெயர். ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’ என்பதன் சுருக்கம் அது. அவர்களின் இசையைப் ‘போப் யே யே’ என்றார்கள். உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டால் சில பாடல்களைப் பாடியே காட்டுவார்கள். ஷேடோஸ் குழுவினர் பயன்படுத்தியது இங்கிலாந்தில் டிக் டென்னி வடிவமைத்த ‘வோக்ஸ் ஏசி30’. நான்கு ‘இஎல்84’ வால்வுகள் கொண்ட 30 வாட் பெருக்கி அது.

சிறு பட்டறையில் என்ன நடக்கிறது?

1970களில் வீட்டு வானொலியும் தொலைக்காட்சியும் டிரான்சிஸ்டருக்கு மாறின. கித்தார் பெருக்கிகளை விற்ற பெரிய நிறுவனங்களும் செலவைக் குறைக்க வழி தேடின. அப்போதுதான் தனி ஆட்களும் சிறு பட்டறைகளும் களத்தில் இறங்கின. ஆண்டுக்குச் சில பெருக்கிகள் மட்டுமே செய்தாலும் ஒவ்வொன்றையும் கவனத்தோடு செய்தனர். அந்தக் கவனம் எங்கெல்லாம் செல்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, கம்பிகள் ஓடும் பாதை. நம் சுவர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். வால்வைச் சூடாக்கும் கம்பியில் அது ஓடும்போது சுற்றிலும் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அருகில் கித்தாரின் சிறிய அலையைச் சுமக்கும் கம்பி இருந்தால் அதில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் ஏறிக்கொள்ளும். அதனால் சூடேற்றும் கம்பிகள் இரண்டையும் கயிறு திரிப்பதுபோல் ஒன்றோடொன்று முறுக்குகிறார்கள். ஒன்றில் மின்னோட்டம் போகும்போது மற்றதில் திரும்பி வருகிறது. இரு புலங்களும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன.

இரண்டாவது, வெளியீட்டு மின்மாற்றி. வால்வு பல ஆயிரம் ஓம் மின்மறுப்போடு வேலை செய்ய விரும்பும். ஸ்பீக்கருக்கோ 8 ஓம் மட்டுமே. இந்த இரண்டையும் இணைப்பது மின்மாற்றி. சுற்றுகளின் விகிதம் 25:1 என்றால், மின்மறுப்பு அந்த விகிதத்தின் வர்க்கமாக மாறும். 25 × 25 = 625. அதை 8-ஆல் பெருக்கினால் 5,000 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் வால்வின் கண்ணுக்கு 5,000 ஓமாகத் தெரிகிறது. இந்த மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் எவ்வளவு பெரியது, சுருள்கள் எப்படிச் சுற்றப்பட்டன என்பதும் ஒலியை மாற்றும்.

மூன்றாவது, உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தல். ஒரு மின்தடையின் மேல் 100 கிலோ ஓம் என்று குறித்திருந்தாலும், அதன் உண்மையான மதிப்பு 5 அல்லது 10 விழுக்காடு விலகியிருக்கலாம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு வால்வுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறு பட்டறைக்காரர் ஒவ்வொன்றையும் அளந்து, பொருந்தும் இணைகளைப் பிரித்தெடுக்கிறார். கடைசியில் கித்தாரை மாட்டிக் கேட்கிறார். ஒரு மின்தேக்கியை மாற்றுகிறார். மறுபடியும் கேட்கிறார். அளவீடும் காதும் மாறி மாறி வேலை செய்கின்றன.

மறைத்தவர் ஒருவர், பகிர்ந்தவர் ஒருவர்

இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் பெயர் அலெக்சாண்டர் ஹோவர்ட் டம்பிள். 1944-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். கலைஞர் வாசிப்பதைக் கேட்டு, அவருடைய கைக்கு ஏற்றாற்போல் பெருக்கியை அமைப்பது அவர் வழக்கம். கார்லோஸ் சந்தானா, ராபன் ஃபோர்டு, ஸ்டீவி ரே வான் போன்றோர் அவருடைய பெருக்கிகளைப் பயன்படுத்தியவர்கள். வாழ்நாள் முழுவதும் அவர் செய்தவை சில நூறு மட்டுமே. இன்று அவற்றில் ஒன்று விற்பனைக்கு வந்தால் ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் விலை போகிறது. யாரும் நகல் எடுக்கக் கூடாது என்பதற்காகப் பல பெருக்கிகளில் சுற்றின் முக்கியப் பகுதிமேல் கெட்டியான எபாக்சிப் பசையை ஊற்றி மூடிவிட்டார். 2022 ஜனவரியில் அவர் காலமானார்.

நியூ ஜெர்சியில் இருந்த கென் ஃபிஷர் வேறு வழியில் சென்றார். ‘டிரெயின்ரெக்’ என்ற பெயரில் அவர் செய்த பெருக்கிகளும் மிகக் குறைவு. தொடர் எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டினார். நோயால் நீண்ட காலம் அவதிப்பட்டதால் அதிகம் கட்ட முடியவில்லை. ஆனால் தமக்குத் தெரிந்ததை எழுதினார், கேட்டவர்களுக்கு விளக்கினார். அடுத்த தலைமுறைப் பெருக்கித் தயாரிப்பாளர்கள் பலர் அவரிடமிருந்து கற்றார்கள். அவர் 2006-இல் மறைந்தார்.

டம்பிளின் இரகசியம் காக்கப்பட்டதா? இல்லை. பெருக்கிகள் பழுதுபார்க்க வந்தபோது சிலர் அந்தப் பசையைச் சிறிது சிறிதாக அகற்றி, உள்ளே இருந்த மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் அளந்து வரைபடமாக்கினர். இன்று பல சிறு பட்டறைகள் அதே பாணியில் பெருக்கிகளைச் செய்கின்றன. பசைக்கு அடியில் இருந்தவை கடையில் கிடைக்கும் உறுப்புகளே. ஆனால் எந்தக் கலைஞருக்கு எந்த மதிப்பு பொருந்தும் என்று கேட்டறியும் அவருடைய காதை யாராலும் வரைபடமாக்க முடியவில்லை. அந்த அறிவு எழுதப்படவில்லை; அவரோடு போய்விட்டது. ஃபிஷர் எழுதி வைத்தது இன்னும் வேலை செய்கிறது.

அப்படியானால் லட்சம் டாலர் பெருக்கி நூறு மடங்கு நன்றாக ஒலிக்குமா? விலையில் பெரும்பகுதி அரிதான பொருளுக்கும் பெயருக்கும் தரப்படுவது. ஒலியில் உண்மையிலேயே வேறுபாடு உள்ளதா என்று அறிய விரும்புபவர், எந்தப் பெருக்கி ஒலிக்கிறது என்று தெரியாதபடி திரைக்கு மறுபுறம் அமர்ந்து கேட்க வேண்டும். மருந்துகளைச் சோதிக்கும்போது நோயாளிக்கு எது தரப்படுகிறது என்று சொல்லாமல் வைப்பதும் இதே காரணத்தால்தான். கண் பார்த்த விலைச்சீட்டு காதையும் ஏமாற்றும்.

இன்றைய நிலை

12ஏஎக்ஸ்7 போன்ற வால்வுகளை இன்று தயாரிக்கும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளிலேயே உள்ளன. 2022 மார்ச்சில் ரஷ்யாவிலிருந்து ஏற்றுமதி சிறிது காலம் தடைபட்டபோது, உலகெங்கும் உள்ள பெருக்கிப் பட்டறைகள் திண்டாடின. வால்வு விலையும் ஏறியது. சில தொழிற்சாலைகளை மட்டும் நம்பியிருக்கும் தொழில் எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதற்கு இது சான்று.

மறுபுறம், வால்வு அலையை எப்படி வளைக்கிறது என்பதைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதி, சில்லுக்குள் கணக்கிட்டு, அதே ஒலியைத் தரும் கருவிகள் வந்துவிட்டன. மேடைக்குக் கனமான பெட்டியைத் தூக்கிச் செல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றைப் போலச் செய்ய வேண்டுமானால் முதலில் அதை முழுவதும் புரிந்துகொள்ள வேண்டும். பழுது என்று ஒதுக்கப்பட்ட திரிபைப் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்ததால்தான் இது முடிந்தது.

பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் அம்மா, அப்பா, மாமா உங்கள் வீட்டிலும் இருக்கலாம். மின்தடை, மின்தேக்கி, மின்மாற்றி என்ற சொற்கள் அவர்களுக்குப் புதிதல்ல. அவர்களிடம் கேளுங்கள்; தெரிந்துகொண்டதை எழுதி வையுங்கள். 18 வயதில் ஒரு பெருக்கியைக் கட்டிய கிரேவனும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்.

நீங்களே செய்து பாருங்கள்

கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சாதாரண கித்தாரின் ஐந்தாவது கம்பியைச் சரியாக நடுவில் மீட்டுங்கள். திரையில் 110 ஹெர்ட்ஸில் ஓர் உச்சம் தெரியும். பிறகு அதே கம்பியை அதன் ஓரத்தில், பாலத்துக்கு அருகில் மீட்டுங்கள். 220, 440 ஹெர்ட்ஸ் உச்சங்கள் எப்படி மாறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் மீட்டும்போது இரட்டைப்படை மேற்சுரங்கள் ஏன் குறைகின்றன என்பதற்கு, அதிரும் கம்பியின் படத்தை வரைந்து விடை தேடுங்கள்.

எச்சரிக்கை: வால்வுப் பெருக்கியையோ பழைய வானொலியையோ ஒருபோதும் திறக்காதீர்கள். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் பல நூறு வோல்ட் தேங்கியிருக்கலாம். அது உயிரைப் பறிக்கும்.